மூன்று ஊரில் நீ ஒளித்துவைத்த ஒரே ஆள்

யாரையும் லேசில் நம்பாத என் அருமை அக்காவுக்கு,

நீ போன பிறகு உன்னைப் பற்றி நல்லது மட்டுமே பேசுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எனக்கு அதுவே சந்தேகமாக இருக்கிறது. நீ உயிரோடு இருந்தபோது உன் போனை எடுக்காதவர்கள் எல்லாம் உன் படத்தை பேஸ்புக்கில் போட்டு உருகுகிறார்கள். ஓய்வுபெற்ற போலிஸ் அதிகாரி ஒருவர், உன் நாவல்களைப் படித்துத்தான் துப்பறியவே கற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறார். நீ படித்திருந்தால் சிரித்துச் சிரித்து இருமல் வந்திருக்கும்.

உன் சாவையும் நான் சும்மா விடவில்லை. பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க மற்றவர்கள் கையெழுத்தைச் சரிபார்த்தவள் நான். ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டரை மடக்கி மடக்கிக் கேட்டேன். "ஆன்டி, ஹார்ட் அட்டாக்தான். வேற ஒண்ணும் இல்ல. நீங்க எத்தன தடவ கேட்டாலும் அதேதான் லா" என்று கடைசியில் அவர் கும்பிடாத குறை. கொலைக்கதை எழுதினவள் படுக்கையில் சாதாரணமாகச் செத்தாள் என்றால் உன் வாசகர்கள் ஒப்புக்கொள்வார்களா? நானே ஒப்புக்கொள்ள ரொம்ப நாள் ஆயிற்று.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துக்கொண்டே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்களைக் கொன்று குவித்தவள் நீ. ஆர். தனம் என்ற பெயரில் வாரப் பத்திரிகையில் தொடர் வரும். பாதிப் பேர் உன்னை ஆண்பிள்ளை என்று நினைத்து 'அன்புள்ள தனம் சார்' என்று கடிதம் போடுவார்கள். நீ ஒருவரையும் திருத்தியதில்லை. "சார்னு நெனச்சுக்கட்டும். இன்னும் கொஞ்சம் ரத்தம் சேத்து எழுதலாம்" என்பாய்.

உன் கதையில் முதலில் யார் மேல் சந்தேகம் விழுகிறதோ அவன் நிரபராதி. இது வாசகர்களுக்குப் பழகிப்போனதும், ஒரு தொடரில் முதலில் மாட்டியவனையே கொலைகாரனாக்கினாய். வந்த திட்டுக் கடிதங்களை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி மகிழ்ந்தாய். மனிதர்களை நம்பவைத்து ஏமாற்றுவதில் உனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு ஒரு நாள் ஓர் அம்மா உன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "கதையில எல்லாம் கண்டுபுடிக்கிறீங்களேம்மா. எம் மவன் லாக்கப்புல எப்படிச் செத்தான்னு கண்டுபுடிச்சுக் குடுங்க" என்றார். நீ அவரோடு பிணவறை வரைக்கும் போனாய். அன்றைக்குப் போன என் அக்கா முழுசாகத் திரும்பி வரவில்லை என்றுதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு நாவல் குறைந்தது, கோர்ட்டு அலைச்சல் கூடியது. காவலில் யாராவது செத்துப்போனார் என்று தகவல் வந்தால், சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்னால் நீ அங்கே நிற்பாய். உடம்பைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், இரண்டாவது சவப்பரிசோதனை கேளுங்கள் என்று சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டுமே. "லாக்கப் சாவ வச்சு ஏன் நீ ஒரு நாவல்கூட எழுதல?" என்று ஒரு தடவை கேட்டேன். நீ தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னாய். "அதுல யாருன்னு தேட வேண்டியதே இல்ல பார்வதி. எல்லாருக்கும் தெரியும். நிரூபிக்கத்தான் முடியாது. அத எப்படி நான் தொடரா எழுதறது?"

கடைசியாக நீ கையில் எடுத்தது கணேசனின் சாவு. கிள்ளான் பையன், லட்சுமியம்மாவின் ஒரே மகன், ஆஸ்துமாக்காரன். ஏதோ ஒரு சண்டையில் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் உடம்பை வந்து பாருங்கள் என்று போன் வந்தது. இழுப்பு வந்து செத்தான், மருந்து கேட்கவே இல்லை என்றார்கள். அன்றைக்குப் பக்கத்து அறையில் அடைபட்டிருந்த லோரி டிரைவர் சுகுமாரன் உன்னிடம் வந்து வேறு மாதிரி சொன்னான்.

சுகுமாரன் காதால் கேட்டதைத் தவிர அந்த அம்மாவின் பக்கம் வேறு சாட்சி கிடையாது. அவனை மிரட்ட ஆரம்பித்தார்கள். யார் மிரட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியாததை எழுதமாட்டேன். மரண விசாரணை வரும்வரை அவனை எங்கேயோ கொண்டுபோய் ஒளித்துவைத்தாய். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நாள் நெருங்கும்போது நீ செத்துப்போனாய்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தபோது லாயர் கமலா என் கையைப் பிடித்துக் குனியவைத்தார். லட்சுமியம்மாவுக்காக வாதாடுகிறவர் அவர்தான். "செராஸ்ல இருக்கறவரு நல்லா இருக்காரா ஆன்டி? சாப்பாடெல்லாம் யாரு பாக்கறா?" என்று கிசுகிசுத்தார். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, உன் புத்தகங்களைப் போடுகிற ராகவன் சார் கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்தார். "பார்வதி, அந்த ஸ்ரீ கெம்பாங்கான் ஃபேக்டரி எடம் இனிமே சேஃப் இல்லன்னு தோணுது. ஆள மாத்திரலாமா?" என்றார்.

எனக்கு நீ சொன்ன ஊர் ஈப்போ. ஆள் ஒருவன், ஊர் மூன்று. நான் ரசவாளியோடு அப்படியே நின்றேன்.

இது உன் கதைகளில் வருகிற வேலைதான். ரகசியம் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஆளுக்கு ஓர் ஊர் சொல்லிவைப்பது. எந்த ஊரில் போய் விசாரிக்கிறார்களோ, அந்த ஊரைத் தெரிந்தவர்தான் வாயைத் திறந்தவர். பத்திரிகையில் படித்தபோது ஆகா என்றேன். என் மேலேயே வைத்துப் பார்ப்பாய் என்று நினைக்கவில்லை. லாயரைச் சந்தேகப்பட்டாய், சரி. ராகவனைச் சந்தேகப்பட்டாய், ரொம்பச் சரி. என்னையுமா அக்கா? ஒரே பாயில் உன் பக்கத்தில் படுத்து வளர்ந்தவளையா? அன்றைக்குச் சமையல்கட்டில் நின்று நான் அழுததைப் பார்த்து, அக்காமேல் என்ன பாசம் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அது பாசம் இல்லை, கோபம்.

கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நீ சொன்ன மூன்று ஊரும் பொய் என்றால் சுகுமாரன் எங்கே? உயிரோடுதான் இருக்கிறானா? லட்சுமியம்மா தினமும் போன் பண்ணினார். "அந்த ஆளு வருவாராம்மா?" என்பார். வருவார் என்பேன். ஒரு நாள் அவர் குரல் மாறிவிட்டது. "நெசமாவே அப்படி ஒரு ஆளு இருக்காரா? இல்ல, என்னையத் தேத்தறதுக்கு அக்கா சொன்ன கதையா?" என்று கேட்டார். நானும் அவனைப் பார்த்ததில்லையே.

அந்த எரிச்சலை எல்லாம் ராகவன் மேல் கொட்டினேன். உன் நாவல்களை மறுபதிப்புப் போடுகிறாராம், அந்த ஓய்வுபெற்ற போலிஸ் அதிகாரியிடம் முன்னுரை கேட்டிருக்கிறாராம். பிரிக்பீல்ட்ஸில் அவர் கடைக்கே போய்விட்டேன்.

"எத்தன நாளா உங்களுக்கு அவரோட பழக்கம்?"

"யாரு, முன்னுரை எழுதறவரா? ஃபேன் பார்வதி. வாசகர்."

"ஸ்ரீ கெம்பாங்கான் பத்தி அவர்கிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

ராகவன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஒங்க அக்காவோட முப்பது வருஷம் சண்ட போட்டிருக்கேன். அவகூட என்னை இப்படிக் கேட்டதில்ல" என்றார். உங்களைக் கேட்காமலே அவள் சந்தேகப்பட்டாள் ஐயா என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், என் ஃபிளாட்டின் கிரில் கேட்டுக்கு வெளியே ஒருவன் வந்து நின்றான். நாற்பது வயது இருக்கும். தோளில் ஒரு பை, காலில் சிலிப்பர், சட்டையெல்லாம் வியர்வை.

"பார்வதி அக்காவா? நான் சுகுமாரன்."

"எந்த சுகுமாரன்?"

"தனம் அக்காவுக்குத் தெரிஞ்சவன்."

"எனக்கு அப்படி யாரையும் தெரியாது. கெளம்புங்க."

அவன் கிளம்பவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான்.

"இப்ப ஜாகாவக் கூப்புடுவேன். கீழதான் காவலுக்கு இருக்கான்."

"கூப்புடுங்கக்கா. கூப்புடுவீங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"ஒங்க அக்காதான். எனக்கு ஏதாச்சும் ஆயி, ஒனக்கும் எடம் இல்லாமப் போச்சுன்னா, பிரிக்பீல்ட்ஸ்ல என் தங்கச்சிகிட்ட போ. கதவத் தொறக்க மாட்டா. திட்டுவா. ஜாகாவக் கூப்புடுவா. கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிராத, அங்கயே ஒக்காரு. அவ யாரையும் நம்ப மாட்டா, அதனால அவகிட்டதான் நீ பத்திரமா இருக்க முடியும்னு சொன்னாங்க."

கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன் அக்கா. என்னிடம் ஊரை மறைத்தவள், ஆளையே என்னிடம் அனுப்பியிருக்கிறாய். அழுதுகொண்டேதான் ஐசியைக் காட்டு என்றேன். கம்பி வழியாக அடையாள அட்டையை நீட்டினான். படத்தையும் முகத்தையும் திருப்பித் திருப்பி ஒத்துப் பார்த்த பிறகுதான் பூட்டைத் திறந்தேன். நீ என்னைச் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறாய்.

அவன் இருந்தது கிள்ளானுக்கு அப்பால் ஓர் ஊர். பெயரை எழுதமாட்டேன். அங்கே ஸ்கூல் வேன் ஓட்டுகிற பத்மா என்ற பெண்ணின் வீட்டில் வைத்திருந்தாய். பத்மா என்பதும் அவள் பெயர் இல்லை. அவள் உன் வாசகி, அன்புள்ள தனம் சார் என்று எழுதியவர்களில் ஒருத்தி. பத்மா வேன் எடுத்துக்கொண்டு போன நேரத்தில் இரண்டு பேர் காரில் வந்து வாசலில் நின்று, சுகுமாரன் இருக்கிறானா என்று பெயரைச் சொல்லியே கேட்டிருக்கிறார்கள். இவன் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து, பஸ் பிடித்து என் வாசலுக்கு வந்துவிட்டான்.

நான் யோசித்துப் பார்த்தேன். வந்தவர்கள் செராசுக்குப் போகவில்லை. ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போகவில்லை. ஈப்போவுக்கும் போகவில்லை. அப்படியானால் கமலா சொல்லவில்லை, ராகவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீ எங்கள் யாரிடமும் சொல்லாத ஊருக்கு நேராக வந்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பது பத்மாதான்.

போனில் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, ஸ்டேஷனுக்கு வா என்று மட்டும் பத்மாவிடம் சொன்னேன். மறுநாள் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானில் இறங்கினேன். பத்மா வேனைக் கொண்டுவந்து ஸ்டேஷனுக்கு வெளியே நிறுத்தினாள். ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்.

"யாருகிட்ட சொன்ன?"

"சத்தியமா யாருகிட்டயும் சொல்லலக்கா. பக்கத்து வீட்டுக்கே அவரு ரவிதான். என் புருசனோட அண்ணன் ரவின்னு சொல்லி வச்சிருந்தேன். எம் புள்ளைங்களே ரவி பெரியப்பான்னுதான் கூப்புடுதுங்க."

"யாருமே சுகுமாரன்னு கூப்புட்டதில்ல?"

"இல்லவே இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு தடவகூட அந்தப் பேரு உன் வாயில வரல?"

பத்மா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "அர்ச்சனைக்கு மட்டும் சொன்னேன்" என்றாள்.

"என்னது?"

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அவரு பேருல அர்ச்சனை செஞ்சேன்கா. நல்லபடியா கோர்ட்டுக்குப் போயி வரணும்னு. சுகுமாரன், திருவோண நட்சத்திரம்னு குருக்கள்கிட்ட சொன்னேன். சாமிகிட்ட போயி பொய்ப் பேரா சொல்றது? பலிக்காதுல்ல?"

குருக்கள் என்ன செய்வார்? எல்லா அர்ச்சனைக்கும் செய்கிற மாதிரி பெயரையும் நட்சத்திரத்தையும் கோயிலே கேட்கும்படி உரக்கச் சொல்லியிருக்கிறார். வாரா வாரம். சின்ன ஊர், வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் தெரிந்த முகங்கள். பத்மா வீட்டில் யார் அந்தச் சுகுமாரன் என்று யாரோ யாரையோ கேட்டிருக்கிறார்கள். அது எந்த வழியில் யார் காதுக்குப் போனதோ, இன்றுவரை தெரியாது.

எனக்குச் சிரிப்பதா, அவளை அறைவதா என்று தெரியவில்லை. லாயரைச் சந்தேகப்பட்டாய், பதிப்பாளரைச் சந்தேகப்பட்டாய், கூடப் பிறந்தவளைச் சந்தேகப்பட்டாய். அர்ச்சனைத் தட்டை மறந்துவிட்டாயே அக்கா. பத்மா அழுதாள். "நல்லதுக்குத்தானே செஞ்சேன்?" என்றாள். நல்லதுக்குச் செய்கிறவர்களைத்தான் இனிமேல் ரொம்ப கவனிக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஸ்டேஷனில் விடச் சொன்னேன்.

ராகவனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று நீ கேட்பாய். கேட்கவில்லை. அந்த முன்னுரை வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துவிட்டார்.

விசாரணை வரும்வரை சுகுமாரன் என் வீட்டில்தான் இருந்தான். கமலாவிடம் அவன் காஜாங்கில் இருக்கிறான் என்றேன். ராகவனிடம் ரவாங் என்றேன். என் வீட்டுக்காரரிடம், இவன் உன் பழைய ஆபீஸ் டிரைவர், வீட்டில் சண்டை, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். பொய் சொல்லும்போது உனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் கிரில் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். சுகுமாரனோ உன் பழைய தொடர்களை அலமாரியிலிருந்து எடுத்துப் படித்துக்கொண்டு, "இவன்தான் கொலகாரன், சரியாக்கா?" என்று சமையல்கட்டுக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

விசாரணை அன்றைக்கு அவனைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து நானே ஓட்டிக்கொண்டு போனேன். கோர்ட்டில் அவனைப் பார்த்ததும் லட்சுமியம்மா எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர் இழுத்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. அப்படி ஓர் ஆள் இருக்கிறான் என்பதையே அவர் அப்போதுதான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

சுகுமாரனை மலாயில் கேட்டார்கள், அவனும் மலாயிலேயே சொன்னான். கணேசனுக்கு மூச்சு வாங்கிய சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டதைச் சொன்னான். என் பையில் ஆஸ்துமா பம்ப் இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்று அந்தப் பையன் திரும்பத் திரும்பக் கெஞ்சியதையும், சத்தம் போடாதே என்று ஒருவர் அதட்டியதையும் சொன்னான். இதையெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது, இத்தனை மாதம் உன்னை யார் வைத்திருந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் குடைந்தார். "யாரும் சொல்லிக் குடுக்கல. காதுல விழுந்ததச் சொன்னேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். விசாரித்தவர்கள் முகத்தில் நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் அந்த முகங்களில் என்ன படித்திருப்பாய்?

வெளியே வந்ததும் வராந்தாவில் லட்சுமியம்மா அவனை மறித்து நின்றார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம் புள்ள கடைசியா அம்மான்னு கூப்புட்டானா?"

ஆமாம் என்று சொல்லித் தொலையேன்டா என்று என் மனம் அடித்துக்கொண்டது. அந்த ஒரு வார்த்தையால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? கமலாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகுமாரன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லம்மா. பம்புதான் கேட்டான். அப்புறம் சத்தமே இல்ல. அம்மான்னு கூப்புட்டது என் காதுல விழல."

லட்சுமியம்மா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். கமலா தாங்கப் போனார். வேண்டாம் என்று விலக்கிவிட்டு, அந்த அம்மா சுகுமாரனின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப கோர்ட்டுக்குள்ள நீ சொன்னதெல்லாம் நெசம்தான்யா" என்றார்.

அக்கா, தீர்ப்பு இன்னும் வரவில்லை. சுகுமாரன் மறுபடியும் லோரி ஓட்டுகிறான். எந்த ரோட்டில் என்று உன்னிடம்கூடச் சொல்லமாட்டேன். தீர்ப்பு வரும் அன்றைக்கு லட்சுமியம்மா பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். என்ன எழுதியிருந்தாலும் வரி வரியாகப் படித்துப் பார்ப்பேன். சரியில்லை என்றால் விடமாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இத்தனை காலத்தில் முதல்தடவையாக ஒரே ஓர் ஆளை நம்புகிற
உன் தங்கச்சி
பார்வதி